கூரையில்லா இசையரங்கு

கச்சேரி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்முள் பெரும்பாலோர் மனக்கண்முன் தோன்றுவது ஓர் அரங்கு. நான்கு சுவர்கள், வரிசையாக நாற்காலிகள், மேடைமேல் விரித்த ஜமக்காளம், பாடுவோர் முகத்துக்கு நேரே ஒலிவாங்கி. தமிழ்நாட்டை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நாம், சங்கமும் சபையும் கண்டபின் முதன்முதலாக நாடியது இத்தகைய அரங்குகளையே. மும்பையில் சண்முகானந்த சபையின் பேரரங்கு 1963-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபோது, நம் இசைக்கு மேற்குக் கரையில் நிலையானதோர் இல்லம் கிடைத்தது என நம்மவர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி தக்கதே. ஆயினும் நம் இசையில் ஒரு பெரும்பகுதி கூரையின்கீழ்ப் பிறந்ததன்று. அது வீதியிற் பிறந்தது. நடந்து செல்லும் கூட்டத்தின் நடுவே, மின்கருவி எதன் துணையும் இன்றி, வாசிப்பவர் மூச்சின் வலிமையினாலேயே நான்கு வீதிகளையும் நிரப்புமாறு அமைந்தது. அதனைத் திறந்த வெளியில் இயற்கை ஒலியாகவே கேட்பது எவ்வாறு, நாம் வாழும் ஊர்களில் அவ்வாறு கேட்கும் வாய்ப்பு இன்று எந்நிலையில் உள்ளது என்பவற்றையே இப்பேச்சிற்குப் பொருளாகக் கொள்கின்றோம்.

முதலில் ஒலியின் இயல்பைச் சிறிது நோக்குவோம். அறையினுள் ஒருவர் பாடும்போது அவர் குரல் நேராக நம் செவிக்கு வருவதோடு நிற்பதில்லை. சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பி வந்து, நேராக வந்த ஒலியோடு சேர்ந்துகொள்கிறது. அதனாற் குரலுக்கு ஒரு நிறைவு உண்டாகின்றது. குளியலறையிற் பாடுவோர் யாவரும் தம்மைப் பெரிய வித்துவான்களாகக் கருதிக்கொள்வதற்குக் காரணமும் இதுவே! திறந்த வெளியில் இந்த உதவி கிடையாது. புறப்பட்ட ஒலி போய்க்கொண்டே இருக்கும், திரும்புவதில்லை. தொலைவு இருமடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 10 அடித் தொலைவிற் கேட்பதை 40 அடியில் நின்று கேட்டால், வந்து சேர்வது பதினாறில் ஒரு பங்கே. வீணையை ஒரு மாந்தோப்பில் வைத்து வாசித்தால், அருகில் அமர்ந்த சிலருக்கு இன்பம் உண்டு. சற்று அப்பால் இருப்பவர்க்கு மீட்டும் ஓசை மட்டும் எட்டும். கமகத்தின் நுட்பமெல்லாம் இலைகளின் சலசலப்பில் மறைந்துபோகும். வீணை வீட்டுக்குரிய வாத்தியம். நாகசுரம் வீதிக்குரியது. இந்த வேறுபாட்டை அறிந்தே நம் முன்னோர் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தனர்.

நாகசுரத்தின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் அது எவ்வளவு சிந்தித்துச் செய்யப்பட்ட கருவி என்பது விளங்கும். உலவு எனப்படும் அதன் மரக்குழல் ஆச்சா மரத்திற் கடைந்தது. மேலே குறுகி, வரவரக் கீழே அகன்று செல்வது. அடியில் அணைசு என்னும் விரிந்த வாய். தலையில் சீவாளி. காவிரிக் கரைகளில் விளையும் கொறுக்கை என்னும் நாணலிலிருந்து செய்யப்படும் இச்சீவாளி, ஒன்றையொன்று தழுவிய இரு நாக்குகளாக அமைந்திருக்கும். உதடுகளின் அழுத்தத்தில் இந்நாக்குகள் படபடத்துத் திறந்து மூடுவதனாற் பிறக்கும் ஒலியில், அடிப்படைச் சுரத்தோடு அதன் மேற்சுரங்களும் ஏராளமாகக் கலந்து வருகின்றன. மனிதச் செவி மிகுதியும் கூர்மை பெற்றிருப்பது நொடிக்கு 2000 முதல் 4000 வரை அதிர்வுகள் கொண்ட ஒலிகளிடத்தே என்பர். நாகசுரத்தின் மேற்சுரங்கள் இவ்வெல்லையில் வலிமையோடு நிற்கின்றன. ஆகவே காற்றும் கூட்டமும் குழந்தைகளின் அழுகையும் ஒருசேர எழும் இடத்தும் அதன் குரல் தனித்துக் கேட்கின்றது. விரல் வைக்கும் துளைகள் ஏழு. அவற்றுக்குக் கீழுள்ள துளைகளை வேண்டுமளவு மெழுகால் அடைத்துச் சுருதியைச் செம்மை செய்துகொள்வர். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக இக்கருவியைச் செய்துவரும் குடும்பத்தார் உள்ளனர். அவ்வூர் நாகசுரத்துக்கு 2022-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடும் கிடைத்தது.

உடன் வரும் தவிலோ பலா மரத்திற் குடைந்த உடலுடையது. வலப்பக்கத்தை விரல்களிற் கூடு அணிந்தும், இடப்பக்கத்தைக் கழி கொண்டும் முழக்குவர். கூடு என்பது விரலுக்கு ஒரு கவசம். தோலின்மேல் விழும் ஒவ்வொரு சொல்லும் மழுங்காமல் தெறித்துச் செல்ல அது வேண்டியதாகின்றது. தாளக்காரரின் கைத்தாளம் சிறிய பொருள்தான். ஆனால் அதன் கூரிய ஓசை கூட்டத்தின் இரைச்சலை ஊடுருவிச் சென்று கடைசியில் வருபவர்க்கும் காலப்பிரமாணத்தைக் காட்டிவிடும். பழைய நாளிற் சுருதிக்கு ஒத்து என்னும் குழலை ஒருவர் ஊதி வந்தார். கன்னங்களிற் காற்றைச் சேமித்து, மூக்கால் மூச்சிழுத்துக்கொண்டே இடையறாது ஊதும் அந்த மனிதரைச் சிறு வயதில் வியந்து பார்க்காதவர் நம்முள் மிகச் சிலரே இருப்பர். இப்பொழுது அவ்விடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டது.

இவர்கள் அனைவரும் நெருங்கி நடப்பதையும் நாம் கண்டிருக்கின்றோம். வீதி குறுகலாக இருப்பதனால் மட்டும் அவ்வாறு நடப்பதில்லை. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வது. 34 மீட்டர் தள்ளி நிற்பவர்க்கு அது நொடியிற் பத்தில் ஒரு பங்கு தாமதித்தே சென்று சேரும். துரித காலத்திற் கோவை வாசிக்கும் தவில் வித்துவானுக்கு அத்தாமதம் மிகப் பெரிது. ஆகையால் நாகசுரமும் தவிலும் தோளோடு தோளாகச் செல்கின்றன. ஊர்வலத்துக்கு முன்னே ஒரு கூம்பு ஒலிபெருக்கியும் பின்னே ஒரு கூம்பு ஒலிபெருக்கியும் வைத்துவிட்டால், நடுவில் நிற்கும் நாம் ஒரே சொல்லை இருமுறை கேட்கின்றோம். தாளம் இரண்டாகப் பிளந்து கிடக்கின்றது. இது வாசிப்பவர் குறையன்று.

வீதியும் இந்த இசைக்கு ஒரு கருவியே எனலாம். தஞ்சை மாவட்டத்துக் கோயிலூர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு புறம் மதிற்சுவர். மறுபுறம் திண்ணையோடு ஒட்டி நிற்கும் வீடுகள். இரண்டுக்கும் இடையே ஒலி வெளியே சிதறிப் போகாமல் வீதியின் நீளத்துக்கு ஓடுகின்றது. மேலே வானம் திறந்திருப்பதால் எதிரொலி மிகுந்து ஒன்றோடொன்று குழம்புவதும் இல்லை. இரவில் மற்றொரு நன்மை சேர்கின்றது. பகலில் தரை சூடேறி ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். இரவிலோ தரையும் தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, மேலிருக்கும் காற்று சற்று வெதுவெதுப்பாக நிற்கும்; அப்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தொலைவு செல்லும். அடுத்த ஊர்த் திருவிழாவின் மேளம் நள்ளிரவில் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்ததன் காரணம் இதுதான். காற்று வீசும் திசையும் கருதத்தக்கது. காற்று எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசையில் மேளம் இருக்கும்படி நாம் நின்றால் இசை நன்கு எட்டும். எதிர்ப்பக்கத்தில் நின்றால் அருகிலிருந்தும் நலிந்து கேட்கும்.

இனி, கேட்கும் முறைக்கு வருவோம். அரங்கத்தில் நமக்கு இடம் குறிக்கப்பட்டுவிடுகின்றது. எந்த நாற்காலியோ அந்தத் தொலைவு. வீதியில் தொலைவைத் தேர்ந்துகொள்பவர் கேட்பவரே. மேளத்துக்கு மிக அருகில் நின்றால் சீவாளியில் மூச்சுப் புகும் ஓசை, விரல் துளையிலிருந்து பாதி விலகிக் கமகம் பிறக்கும் விதம், தவிலில் இடக்கைக் கழி புரளும் நுட்பம் ஆகியவை தெரியும். கற்க விரும்புவோர்க்கு அவ்விடம் உகந்தது. ஆனால் முழு இசையின் அழகு அங்குக் கிடைப்பதில்லை. ஒலியின் வன்மை நம்மை அமுக்கிவிடும். முப்பது நாற்பது அடி பின்வாங்கி நின்றால் நாகசுரமும் தவிலும் ஒன்றோடொன்று இழைந்து, வன்மை இனிமையாக மாறி வருவதை உணர்வோம். நம் கருத்தில் நாகசுரத்தைக் கேட்கச் சிறந்த இடம் அதுதான். மேளம் வருமுன்பே தெருக்கோடியில் சென்று நின்றுகொள்வோரும் உண்டு. அவர்கள் கேட்பது வேறொரு கச்சேரி. முதலில் தவிலின் அதிர்வு. பின்பு மேற்ஸ்தாயியில் எங்கோ ஒரு நீண்ட காந்தாரம். கோடி திரும்பியதும் முழு இராகமும் ஒருங்கே வந்து பொழியும். கடந்து போனபின் அது தேய்ந்து தேய்ந்து மறையும் வரை நின்று கேட்டுவிட்டு வீடு திரும்புவர்.

வாசிக்கப்படும் உருப்படிகளும் இவ்விடத்துக்கு ஏற்றவையே. சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி. சாகித்தியம் இல்லாது, கம்பீரநாட்டையில், காலங்களை மாற்றி மாற்றி வாசிக்கும் அதற்குத் தேர் மல்லாரி, தளிகை மல்லாரி, தீர்த்த மல்லாரி எனப் பல வகை உண்டு. எது வாசிக்கப்படுகிறது என்பதைக் கொண்டே வீட்டிலிருப்போர் கோயிலில் என்ன நடைபெறுகிறது என அறிந்துகொள்வர். மல்லாரி முடிந்து வீதிக்கு வந்தபின் இராக ஆலாபனை. இதுவே நாகசுரத்தின் உயிர். ஒரே இராகத்தை ஒரு வீதி முழுதும், சில சமயம் இரண்டு வீதிகள் கூட, சொன்னதைத் திரும்பச் சொல்லாது விரித்துக்கொண்டு போன வித்துவான்களால்தான் நம் இராகங்கள் இவ்வளவு விரிவு பெற்றன. வாய்ப்பாட்டு வித்துவான்கள் பலர் இராகம் பாடக் கற்றது நாகசுரத்தைக் கேட்டே என்று அவர்களே கூறக் கேட்டிருக்கிறோம். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) என்றாலே தோடி நினைவுக்கு வருவது ஏன்? மூன்று நிமிட இசைத்தட்டினால் மட்டும் வந்த புகழன்று அது. இரவு முழுதும் வீதியில் நின்று கேட்டவர்கள் ஊர் ஊராகக் கொண்டு சென்ற புகழாகும்.

இராஜரத்தினம் பிள்ளையே மற்றொரு மாற்றத்துக்கும் காரணரானார். முன்னாளில் வழங்கியது திமிரி நாகசுரம். குட்டையானது, சுருதி மிக உயர்ந்தது. அவர் நீண்ட பாரி நாகசுரத்தைக் கையாண்டு, சுருதியைத் தாழ்த்தி, குரலுக்கு ஒரு கனம் கொடுத்தார். பின்வந்தோர் பெரும்பாலும் அவ்வழியையே பின்பற்றினர். காருகுறிச்சி அருணாசலம் (1921–1964), நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன், ஷேக் சின்ன மௌலானா முதலியோர் வாசிப்பை வானொலியிற் கேட்டு வளர்ந்தவர் நம்முட் பலர். தாழ்ந்த சுருதியினால் நுட்பம் மிகுந்தது உண்மை. வீதியின் கடைக்கோடிக்குச் செல்லும் வன்மை சிறிது குறைந்திருக்கலாம். இதில் எது பெரிது என்று தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை.

அதே காலத்தில், 1930-களை ஒட்டி, ஒலிபெருக்கி நம் இசையுலகினுட் புகுந்தது. அதற்கு முன் மேடையேறியவர்க்கு முதல் தகுதி குரலின் வீச்சு. நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) உயர்ந்த சுருதியிற் பாடிக் கொட்டகையின் கடைசி மனிதனையும் எட்டியது இன்றும் பேசப்படுகின்றது. ஒலிபெருக்கி வந்தபின் மெல்லிய குரலுடையோரும் பல்லாயிரம் பேருக்குப் பாட முடிந்தது, சுருதிகள் தாழ்ந்தன, நுண்ணிய சங்கதிகள் வளர்ந்தன. வீணையும் கோட்டுவாத்தியமும் பெருங்கூட்டத்தின் முன் வாசிக்கத்தக்கவை ஆயின. இந்நன்மைகளை மறுப்பவர் நன்றி மறந்தவராவர். ஆனால் வீதிக்கென்றே பிறந்த நாகசுரத்தின் வாயில் ஒலிவாங்கியைப் பொருத்துவது, ஓடும் ஆற்றுக்கு இறைவை போடுவது போன்றது. தாழ்ந்த கூரையுடைய ஒரு கூடத்தில், வாய்க்கு ஓரடித் தொலைவில் மைக்கை நிறுத்தி, மூலைக்கொரு பெட்டியின் வழியே அதனை வெளியிட்டால், கேட்போர் காதைப் பொத்திக்கொள்வதில் வியப்பில்லை. நம்முடன் வாழும் வடநாட்டு நண்பர் சிலர், உங்கள் நாகசுரம் மிகக் கடுமையானது என்று கூறுவதன் காரணமும் இதுவே. அவர்கள் நாகசுரத்தைக் கேட்கவில்லை, ஒலிபெருக்கியைக் கேட்டனர்.

இதில் வருந்தத்தக்க செய்தி வேறொன்றும் உண்டு. நாம் வாழும் நகரங்களில் கோயில்கள் பல எழுந்துள்ளன. தில்லி இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் உத்தர சுவாமிமலைக்கு 1973-இற் குடமுழுக்கு நடைபெற்றது. அதுபோலவே ஒவ்வொரு பெருநகரிலும் பிள்ளையாரோ முருகனோ ஐயப்பனோ நம்மோடு வந்து குடியேறியுள்ளனர். விழாக்காலங்களில் காவிரி நாட்டிலிருந்து மேளக்காரர் வரவழைக்கப்படுகின்றனர். அவர்கள் இரண்டு இரவு புகைவண்டியிற் பயணம் செய்து வந்து சேர்வதுண்டு. அவ்வளவு தொலைவு வந்தவர்க்கு நாம் அளிப்பது என்ன? போக்குவரத்தை முன்னிட்டுக் காவலர் அனுமதிப்பது இரண்டு தெரு. சுவாமிக்கு முன்னே மின்னாக்கியைச் சுமந்த வண்டியொன்று. அதன்மேல் பக்திப் பாடல் முழங்கும் ஒலிபெருக்கி. தீபாராதனை வேளையில் மின்விசையால் மணியும் முரசும் தாமே அடித்துக்கொள்ளும் இயந்திரம். நாகசுரக்காரர் மல்லாரியைத் தொட்டு, இரண்டு கீர்த்தனங்களின் பல்லவியை வாசித்து, அன்பர் ஒருவர் கேட்ட திரைப்பாடலையும் வாசித்து முடிப்பதற்குள் ஊர்வலம் திரும்பிவிடுகின்றது. இராகம் எங்கே?

இராகத்துக்கு இடமில்லாவிடில், அதனை விரித்து வாசிக்கும் பயிற்சிக்கும் இடமில்லை. நடந்துகொண்டே ஒரு மணி நேரம் ஓர் இராகத்தை வாசிப்பது அறையில் அமர்ந்து பழகி வரும் திறமையன்று. வீதியில்தான் அது கைகூடும். கேட்பவர் நின்று கேட்டாற்றான் வளரும். தமிழ்நாட்டிலேயே நெடிய புறப்பாடுகள் சுருங்கிவரும் இந்நாளில், வெளியூரிலுள்ள நம் விழாக்கள் இளைஞராகிய வித்துவான்களுக்கு ஓர் அரிய வாய்ப்பாக அமையக்கூடும். பணம் நம்மவரிடம் உண்டு, ஆர்வமும் உண்டு. நேரம் ஒதுக்குவது ஒன்றே இல்லை. கருவி செய்பவர் நிலையும் இதனோடு பிணைந்தது. புவிசார் குறியீடு பெற்ற கருவியாயினும் அதனை வாங்கி வாசிப்போர் குறைந்துவிட்டாற் குறியீடு என்ன செய்யும்?

சட்டத்தையும் இவ்விடத்து அறிந்துகொள்வது நலம். மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் வகுத்த ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைத்தல் ஆகாது. 2010-இற் செய்த திருத்தம் இசைக்கருவிகளையும் இவ்விதிக்குள் கொண்டுவந்தது. பண்டிகை நாட்களில், ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. புனேயில் பீம்சேன் ஜோஷி தம் குருவின் நினைவாக 1953-இல் தொடங்கிய சவாய் கந்தர்வ விழா திறந்த வெளியில் விடிய விடிய நடந்துவந்தது. இவ்விதிகள் வந்தபின் அதன் நேரங்களும் மாறின. ஆகவே பழைய நாளைப்போல இரவெல்லாம் புறப்பாடு என்பது நகரங்களில் இயலாத காரியம். மாலை ஐந்தரை மணிக்குத் தொடங்கினால் ஒன்பதுக்குள் நிறைவாக முடிக்கலாம். அந்தி வேளையின் குளிர்ச்சியும் ஒலிக்குத் துணை செய்யும்.

இவ்வாறு வெளியிசைக்குச் செவியைப் பழக்கிக்கொண்டால், நாம் வாழும் நாட்டின் இசையும் நமக்குப் புதிதாகத் திறந்துகொள்ளும். தில்லிச் செங்கோட்டைக்கு விருந்தினரை அழைத்துச் செல்லாத தில்லித் தமிழர் இரார். அங்கே இலாகூர் வாயிலைக் கடந்து கடைத்தெருவின் முடிவில் நிற்கும் சிவந்த மாடக் கட்டடம் நௌபத் கானா. அது வெறும் வாயிலன்று. உயரத்தில் அமைந்த வெளியிசை மேடை. முகலாயர் காலத்தில் நாளைக்கு ஐந்து முறை அதன் மாடத்திலிருந்து முரசும் குழலும் முழங்கின. அக்பர் அவையைப் பற்றி அபுல் பசல் எழுதிய நூல், அரண்மனையின் நகாரா மேளத்தில் ஒன்பது சுர்னாக்கள் ஒருங்கே ஊதப்பட்டதைக் குறிக்கின்றது. சுர்னா நம் நாகசுரத்தின் உறவினன். இரட்டை நாக்குடைய குழல். ஷெனாய் அக்குடும்பத்தின் இளைய குழந்தை. நம் மேளம் நடந்து சென்று ஊரைச் சுற்றுகின்றது. அவர்கள் மேளம் வாயிலின் உச்சியில் நின்று ஊருக்கு அனுப்புகின்றது. உயரத்திலிருந்து வரும் ஒலியை முன்னிற்கும் தலைகள் மறைப்பதில்லை என்ற உண்மையை அக்கட்டடம் கட்டியோர் நன்கு அறிந்திருந்தனர்.

பிஸ்மில்லா கான் (1916–2006) காசியிற் பழகிய இடமும் இத்தகையதே. கங்கைக் கரையில் பஞ்சகங்கா கட்டத்தை ஒட்டிய பாலாஜி கோயிலில் அவர் நெடுங்காலம் சாதகம் செய்தார். 1947 ஆகஸ்டு 15-ஆம் நாள் செங்கோட்டையில் அவர் ஷெனாய் ஒலித்தது. 2001-இற் பாரத ரத்தினம் பெற்றார். கோயில் வாயிலில் வாசிக்கும் கருவியை மேடைக்கு உயர்த்தினார் என்று அவரைப் புகழ்வர். இராஜரத்தினம் பிள்ளையையும் நாம் அவ்வாறே புகழ்கின்றோம். இருவருக்கும் மூச்சையும் விரலையும் தந்தது வெளியிடம் என்பதை அப்புகழ்ச்சியில் மறந்துவிடுதல் ஆகாது.

தில்லியில் நிஜாமுதீன் தர்காவின் முற்றத்தில் வியாழக்கிழமை மாலைகளில் கவ்வாலி பாடப்படுகின்றது. 1325-இல் மறைந்த அமீர் குஸ்ரோவின் சமாதியும் அவ்வளாகத்திலேயே உள்ளது. பலர் கூடிப் பாடுவதும் கைதட்டித் தாளமிடுவதும் வெளியில் ஒலியைப் பெருக்கும் பழைய உபாயங்கள். வங்காளத்தில் வாழ்வோர் பொங்கலையொட்டி, மகர சங்கிராந்தியில், வீரபூம் மாவட்டத்து ஜயதேவ கெந்துளிக்குச் செல்லலாம். அஜய் ஆற்றங்கரையில் பாவுல் பாடகர்கள் ஏக்தாராவும் துக்கியும் கொண்டு பாடுவர். ஒலிபெருக்கி அங்கும் நுழைந்திருக்கிறது. ஆயினும் கூட்டத்தை விட்டுச் சற்று விலகி, மரத்தடிகளிற் சிறு குழுவாக அமர்ந்து பாடுவோரிடம் சென்றால் இயற்கைக் குரலைக் கேட்கலாம். பெங்களூர்க்காரர்க்கு 1939 முதல் நடைபெறும் இராமநவமிக் கச்சேரிகள் உண்டு. அது பந்தற் கச்சேரி, ஒலிபெருக்கியும் உண்டு. அதைப் பற்றி அவ்வூரார்க்கு நாம் எடுத்துக் கூற வேண்டியதில்லை.

நம் விழாக்களில் என்ன செய்யலாம் என்பதைக் கூறி அமைவோம். பத்து நாள் விழாவில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு சுற்று, ஒலிபெருக்கியையும் மின்முரசையும் நிறுத்திவைக்கலாம். அன்றைய வழி, அகன்ற நெடுஞ்சாலையாக இல்லாமல், இருபுறமும் வீடுகள் நெருங்கிய குடியிருப்புத் தெருவாக அமைவது நன்று. தெருக்கோடி ஒன்றில் சுவாமியை அரைமணி நேரம் நிறுத்தி, வித்துவானிடம் ஓர் இராகத்தை விரிவாக வாசிக்கும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். எந்த இராகம் என்பதை அவர் விருப்பத்துக்கு விட்டுவிடுவது மரியாதை. வடக்கே மார்கழி, தை மாதங்களின் குளிரில் குழலின் சுருதி இறங்கும். வறண்ட காற்றிற் சீவாளி விறைக்கும். புறப்பாட்டுக்கு முன் அவர்கள் சீவாளியை நனைத்துப் பதப்படுத்தி, குழலை ஊதிச் சூடேற்றிக்கொள்ளக் கால்மணி நேரமும், காற்று வீசாத ஓர் அறையும், குடிக்கச் சூடான பாலும் கொடுத்தல் வேண்டும். குழந்தைகளை அருகே விடுவதில் தடையில்லை. அணைசுக்கு நேரே மட்டும் நிறுத்தக்கூடாது. சன்மானத்தைப் பொறுத்தவரை, அரங்கில் வந்து பாடும் வித்துவானுக்குரிய அளவுகோலாலேயே வீதியில் வாசிப்பவரையும் அளக்கவேண்டும் என்பது நம் துணிபு.

அண்டைவீட்டு வடநாட்டு நண்பரையும் அன்று அழைத்து வந்து, மேளத்துக்கு நாற்பது அடி தள்ளி நிறுத்திவைக்கலாம். அவர் கூறுவது அப்போது வேறாக இருக்கும். இவை யாவற்றையும் விழாக் குழுவினரிடம் அழைப்பிதழ் அச்சேறுவதற்கு முன்பே சொல்லிவைப்பது நல்லது. அச்சான பின் நேரத்தை மாற்ற எந்தக் குழுவும் இசைவதில்லை.